நூற்றைம்பது கிராம்

விடியற்காலை நாலரை.
வஃப்ராவில் வெள்ளரிப் பந்தலுக்குத் தண்ணீர் திறக்குமுன்
ராதுவுக்குத் தீனி அளக்கிறேன்.
நூற்றைம்பது கிராம்.
ஒரு உருண்டை கூடினாலும்
விரலால் எடுத்துத் திரும்பச் சாக்கில் போடுகிறேன்.
நகைக்கடையில்கூட எவனும் இப்படி நிறுக்க மாட்டான்
என்று சிரிக்கிறான் ரொஃபிகுல்.

ராது என்றால் அரபியில் இடியாம்.
இந்த இடி
பிளாஸ்டிக் வாளி உருண்டால்
என் கால்களுக்கிடையில் வந்து ஒளியும்.
துருக்கியிலிருந்து வந்தது,
என் டிக்கெட்டைப்போல் நாலு மடங்கு கூலிக்கு.
நாலு மாதம்தான் ஆகிறது.
பாதங்கள் மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டன,
மீதி நாய் பின்னால் வரும் என்று.

வியாழன் சாயங்காலம் கபீல் வருவார்.
குளிருக்குக் கூடாரம் போடும்போது
இதைப் பார்த்து விருந்தாளிகள் ஒரு எட்டு பின்வாங்கணும்.
அதற்காக ஐந்து கிலோ ஒட்டகக் கறி,
பால் பெட்டி, கால்சியம் மாத்திரை டப்பா.
"எல்லாம் கொடு. நிறையக் கொடு."
தமாம் பாபா என்றேன்.
கொடுத்தேன்.

ஆகஸ்டில் பின்னங்காலை இழுத்தது.
ஆடுகளுக்கு ஊசி போட வந்த டாக்டர் இத்ரீஸ்
மணலில் உட்கார்ந்து
பழம் வாங்குகிறவர்போல் அதன் முட்டியை அமுக்கிப் பார்த்தார்.
வேகமாக வளர்கிறது, அதுதான் கோளாறு.
சதை முந்திவிட்டது, எலும்பு இன்னும் பச்சை.
பெரிய ஜாதி; முழுசாக ஒன்றரை வருஷம் எடுத்துக்கொள்ளும்,
எடுத்துக்கொள்ளட்டும்.
கறி வேண்டாம், மாத்திரை வேண்டாம்.
விலா கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது.
சிகரெட் அட்டையின் பின்னால்
மூன்று வேளைக்கும் கணக்கு எழுதிக் கொடுத்தார்.

கபீலிடம் சொல்லியிருக்கலாம்.
சொன்னேன், ஒரு தடவை.
"நீ டாக்டரா?" என்றார்.
இல்லை.

அடுத்த வியாழனும் கறி வந்தது.
நாய்க்குப் போடக் கூடாது.
குப்பையில் போட மனசில்லை.
புதைத்தால் அதுவே தோண்டும்.
பனிப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினோம்.
ரொஃபிகுல் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தான்.
நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு
மிளகாய்ப் பொட்டலத்தை நகர்த்தி வைத்தேன்.

இப்படிப் பத்து வியாழன்.
பருப்பும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்த எங்கள் கன்னத்தில்
சதை வைத்தது.
பெல்ட் ஒரு துளை தள்ளிப் போனது.
ராது கதவுக்கு வெளியே படுத்து,
தன் பெயரில் வந்தது கொதிக்கும் சத்தம் கேட்டபடி,
காலியான தட்டை இன்னும் நக்கிக்கொண்டிருக்கும்.
அதன் எலும்புக்காகத்தான் என்று சொல்லிக்கொள்வேன்.
உண்மைதான்.
உப்பும் சரியாக இருந்தது என்பதும் உண்மைதான்.

வெள்ளிதோறும்
தக்காளிப் பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்துவேன்.
ஆடாதே என்றால் வாலை மட்டும் ஆட்டும்,
முள்ளும் சேர்ந்து ஆடும்.
இருபத்திரண்டு.
இருபத்து மூன்றரை.
மறுபடி அதே இருபத்து மூன்றரை.
அக்டோபரில் டாக்டர் இருநூறு கிராமாக்கச் சொன்னார்;
அன்றைக்கு அதற்குத் தீபாவளி.
கால் இழுப்பு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.
ஒருநாள் பந்தலோரம் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடியது,
நாலு காலும் ஒரே நாயுடையவைபோல.

நவம்பரில் ஒரு வெள்ளி, சொல்லாமல்,
கூடாரத் துணியோடு வந்து நின்றார் கபீல்.
குனிந்து விலாவைத் தடவினார்.
"நான் கொடுக்கிற கறியெல்லாம் எங்கே போகிறது?"
வளர்கிறது பாபா, மெதுவாக என்றேன்.
என் பெல்ட்டைப் பார்த்தாரா, தெரியாது.

ராது வந்தது.
என் வலது கையைப் பக்கத்தில் இழுத்து
விரல் விரலாக,
நகக்கண் விடாமல்,
நேற்று ராத்திரி வரைக்கும் நக்கியது
அவர் பார்த்துக்கொண்டிருக்க.